அழுக்கு பிறக்கும் இடங்கள்

வீடு முழுவதும் ஒரே சீராக அழுக்காவதில்லை. ஒரு வாரம் உங்கள் வீட்டைக் கவனித்துப் பாருங்கள். சாமி அலமாரி திங்கட்கிழமை இருந்தபடியேதான் சனிக்கிழமையும் இருக்கும். பீரோவுக்கு மேல் கொஞ்சம் தூசி கூடியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் வாசற்படியைத் தாண்டி உள்ளே முதல் மூன்றடி, சமையலறை சிங்க், குளியலறைத் தரை, படுக்கையறையில் துணி குவியும் நாற்காலி, சாப்பாட்டு மேஜையின் ஒரு மூலை, இந்த ஐந்தும் காலையில் ஒழுங்குபடுத்தினால் சாயங்காலத்துக்குள் பழையபடி ஆகிவிடும். "எங்கே பார்த்தாலும் குப்பை" என்று நமக்குத் தோன்றும் நாட்களில், இந்த ஐந்து இடங்களில் பிறந்ததுதான் மற்ற அறைகளுக்கும் பரவியிருக்கும்.

இருவரும் வேலைக்குப் போகிறோம், பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள், வயதான ஒருவரும் கூட இருக்கிறார் என்ற வீடுகளை மனத்தில் வைத்தே இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன். என் வீடும் அப்படித்தான். இப்படிப்பட்ட வீட்டில் தினமும் எல்லா அறைகளையும் சுத்தம் செய்ய யாருக்கும் நேரமில்லை, தேவையும் இல்லை. ஐந்து இடங்களை நாள் தவறாமல் பிடித்துக்கொண்டால், மற்றவை வாரத்துக்கும் மாதத்துக்கும் பொறுமையாகக் காத்திருக்கும்.

தொடங்கும் முன் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். அழுக்கு வேறு, இறைந்து கிடப்பது வேறு. அழுக்குக்குத் தண்ணீரும் சோப்பும் போதும். இறைந்து கிடக்கும் பொருளுக்கு ஓர் இடம் வேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் செய்யப் பார்ப்பதால்தான் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போய்விடுகிறது. பெருக்க ஆரம்பித்து, சோபாவுக்கு அடியில் கிடந்த பென்சிலை எடுத்து, அதை வைக்க மேஜையைத் திறந்து, மேஜையை அடுக்க உட்கார்ந்து, துடைப்பம் கூடத்தின் நடுவே கிடக்கும். முதலில் எடுத்து வையுங்கள். எல்லாம் எடுத்து வைத்த பிறகு துடைப்பத்தைத் தொடுங்கள்.

வாசலுக்கு உள்ளே மூன்றடி

தரையில் சேரும் மண்ணில் பெரும்பகுதி நம் காலோடு உள்ளே வருவதுதான். வெளியே தேங்காய் நார் மிதியடி ஒன்று, உள்ளே பருத்தி மிதியடி ஒன்று என்று இரண்டு போடுங்கள். நார் மிதியடி மண்ணை உரசி எடுக்கும், பருத்தி ஈரத்தை உறிஞ்சும். ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. நார் மிதியடியை வாரம் இருமுறை வெளியே தட்டி உதறாவிட்டால் அதுவே மண் மூட்டை ஆகிவிடும்.

செருப்பு ஸ்டாண்டில் ஒருவருக்கு இரண்டு ஜோடி. கல்யாணத்துக்குப் போடுவது, மழைக்குப் போடுவது எல்லாம் பெட்டிக்குள் போகட்டும். சாவிக்கு ஓர் ஆணி, குடைக்கு ஒரு வாளி.

பள்ளிப் பையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். என் சின்னவன் ஒன்றாம் வகுப்பு முழுவதும் பையைக் கூடத்தின் நடுவில்தான் போடுவான். தினமும் சொல்லுவேன், தினமும் போடுவான். ஒரு நாள் அவனுக்கு ஷூ மாட்டிவிட மண்டியிட்டு உட்கார்ந்தபோது நிமிர்ந்து பார்த்தேன். பை மாட்டும் கொக்கி அவன் தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் இருந்தது. அத்தனை மாதமும் அவனால் செய்ய முடியாத ஒன்றைச் செய்யச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கே தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் வேறொரு கொக்கி அடித்தோம். அந்த வாரத்திலிருந்து பை கொக்கியில் தொங்குகிறது. உங்கள் வீட்டில் ஒரு பொருள் திரும்பத் திரும்பத் தப்பான இடத்தில் கிடந்தால், யாரையும் கடிந்துகொள்ளும் முன் அந்தப் பொருளின் இடம் எங்கே, எவ்வளவு உயரத்தில், எத்தனை கதவுக்குப் பின்னால் இருக்கிறது என்று பாருங்கள். மூடி திறந்து, கவர் பிரித்து, அடுக்கி வைக்க வேண்டிய இடத்தில் அவசரத்தில் இருப்பவர்கள் எதையும் வைக்க மாட்டார்கள்.

சிங்க்

இந்த ஐந்தில் ஒன்றைத்தான் உங்களால் காப்பாற்ற முடியும் என்றால், சிங்க்கைக் காப்பாற்றுங்கள். இரவு விளக்கணைக்கும்போது அது காலியாக இருக்க வேண்டும்.

காரணம் காலையில் தெரியும். நிறைந்த சிங்க்கோடு ஒரு நாள் தொடங்கினால், காபிக்கு டம்ளர் இல்லை, ஒவ்வொன்றாக அலசி எடுக்கிறோம். பால் பாத்திரம் வைக்க இடமில்லாமல் மேடைக்கு வருகிறது. மேடை நிறைந்துவிட்டதால் காய் நறுக்குவது சாப்பாட்டு மேஜைக்குப் போகிறது. மேஜையில் தோலும் காம்பும் கிடப்பதால் பிள்ளைகள் தட்டை எடுத்துக்கொண்டு டிவி முன்னால் உட்காருகிறார்கள். ஒன்பது மணிக்கு வீட்டைப் பூட்டும்போது மூன்று அறைகள் கலைந்திருக்கின்றன. எல்லாம் முந்தின இரவு விட்டுவைத்த ஏழெட்டுப் பாத்திரங்களால் வந்தது.

தேய்ப்பதற்கு ஒரு வரிசை உண்டு. டம்ளர், கரண்டி முதலில். தட்டுகள் அடுத்து. குழம்புப் பாத்திரம் அதற்குப் பின். எண்ணெய்ப் பிசுக்குள்ள கடாய் கடைசியில். முறை மாறினால் கடாயின் எண்ணெய் டம்ளருக்கு ஏறி, இரண்டு தடவை சோப்பு போட வேண்டிவரும். தட்டில் மிஞ்சியதை ஈரக் குப்பைக்கு வழித்துவிட்ட பிறகே சிங்க்கில் போட வேண்டும் என்பதைச் சாப்பிடும் ஒவ்வொருவரும் செய்யட்டும். மாவுப் பாத்திரத்தையும் பால் பாத்திரத்தையும் காலியானவுடன் பச்சைத் தண்ணீரில் ஊறப்போடுங்கள். இட்லி மாவு காய்ந்தால் பசை போலப் பிடித்துக்கொள்ளும். பால் பாத்திரத்தில் எடுத்தவுடன் வெந்நீர் விட்டால் ஒட்டியிருக்கும் பால் இன்னும் இறுகும். அடிப்பிடித்த எவர்சில்வர் பாத்திரத்தில் தண்ணீரும் ஒரு ஸ்பூன் சமையல் சோடாவும் விட்டுக் கொதிக்கவைத்தால் கரி தானாக எழும்பும். அலுமினியப் பாத்திரத்துக்கு இதைச் செய்யாதீர்கள். சோடா அலுமினியத்தை அரித்துக் கறுப்பாக்கிவிடும்.

அடுப்பு மேடையை, சமைத்து முடித்துச் சூடு கொஞ்சம் மிச்சமிருக்கும்போதே துடையுங்கள். தாளித்தபோது தெறித்த எண்ணெய் அப்போது ஈரத்துணிக்கே வந்துவிடும். ஒரு நாள் விட்டால் சோப்பு கேட்கும். ஒரு வாரம் விட்டால் அதன் மேல் தூசி படிந்து கோந்தாகிவிடும், பிறகு சுரண்டத்தான் வேண்டும்.

சமையலறை நாறுகிறதென்று சந்தேகமாக இருந்தால் குப்பைக் கூடையைப் பார்ப்பதற்கு முன் சிங்க்கின் ஜாலியைக் கழற்றிக் கவிழ்த்துப் பாருங்கள். அடிப்பக்கம் வழவழவென்று சாம்பல் நிறத்தில் ஒரு படலம் இருக்கும். நாற்றம் அங்கேதான். பழைய டூத்பிரஷ்ஷால் ஜாலியையும், குழாயின் வாய்க்கு உள்ளே விரல் போகும் ஆழம்வரையும் வாரம் ஒருமுறை தேயுங்கள். கொதிக்கும் தண்ணீரை அப்படியே கொட்டாதீர்கள். பி.வி.சி. குழாய் இளகி இணைப்பு விட்டுவிடும். கை பொறுக்கும் சூடு போதும். பொரித்த எண்ணெயையும் சிங்க்கில் ஊற்றக் கூடாது. பழைய செய்தித்தாளில் உறிஞ்சவைத்துக் குப்பையில் போடுங்கள்.

கரப்பான் பூச்சி பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. நம் சமையலறையில் குடியிருப்பது பெரும்பாலும் சின்னதாக, இளம்பழுப்பு நிறத்தில் இருக்கும் வகை. அதற்குச் சூடும் இடுக்கும் ஈரமும் வேண்டும். ஃபிரிட்ஜின் மோட்டார் பக்கம், அடுப்புக்குப் பின்புறம், மிக்ஸிக்கு அடியில் இருக்கும். உங்கள் மிக்ஸியை இன்றைக்குத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். ரப்பர் கால்களைச் சுற்றிக் காய்ந்த சட்னி இருந்தால், மேடையை எவ்வளவு துடைத்தும் பூச்சி ஏன் போகவில்லை என்று புரிந்துவிடும். பெண் பூச்சி சுமக்கும் ஒரே முட்டைக் கூட்டில் 30, 40 குஞ்சுகள் இருக்கும். அதனால் கண்ணில் பட்ட ஒன்றை அடிப்பதால் கணக்குத் தீராது. கடையில் விற்கும் ஜெல்லை இடுக்குகளில் கடுகளவு பொட்டுகளாக வைத்துவிட்டு, அதே இடத்தில் ஸ்ப்ரே அடிக்காமல் இருங்கள். ஸ்ப்ரே வாசத்துக்குப் பூச்சி ஜெல்லின் பக்கமே வராது, இரண்டும் வீண். மளிகைச் சாமான் வந்த அட்டைப்பெட்டியை வீட்டில் சேர்த்து வைக்காதீர்கள். அட்டையின் மடிப்புகளுக்குள் ஒளிந்துதான் பல வீடுகளுக்கு அது முதலில் வந்து சேர்கிறது.

குளியலறை

போர் தண்ணீர் புழங்கும் வீட்டில் குளியலறை அழுக்கு என்று நாம் சொல்வதில் பாதி அழுக்கே அல்ல, உப்பு. தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும், துளி காய்ந்ததும் வெள்ளையாகத் தங்கிவிடுகின்றன. ஒரு நாள் துளி கண்ணுக்குத் தெரியாது. நூறு நாள் துளி குழாயை வெள்ளை ஓடாக மூடும். ஆகவே இதற்கு மருந்து ஆசிட் அல்ல, வைப்பர். கடைசியாகக் குளித்தவர் தரையையும் இடுப்பளவு சுவரையும் ஒரு முறை வழித்துவிட்டு வர வேண்டும். ஒரு நிமிட வேலை. என் மாமியாருக்கு எழுபத்தெட்டு வயது. ஈரத் தரையில் ஒரு முறை வழுக்கிய பிறகு எங்கள் வீட்டில் இதை யாரும் மறப்பதில்லை. முதியவர் இருக்கும் வீட்டில் காய்ந்த குளியலறைத் தரையை அழகுக்கான காரியமாக நினைக்காதீர்கள்.

ஏற்கெனவே படிந்த உப்புக்கு எலுமிச்சைச் சாறோ வினிகரோ நனைத்த துணியைக் குழாயில் சுற்றி இருபது நிமிடம் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். ஆனால் புளிப்பு எதற்கு ஆகாது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மார்பிள், மொசைக், கடப்பாக்கல் மூன்றும் சுண்ணாம்புச் சத்துள்ளவை. எலுமிச்சைச் சாறு கொட்டினாலே மெருகு போய் வெளிறிய தடம் விழும். ஆசிட் அவற்றைத் தின்றுவிடும். பழைய வீடுகளில் மொசைக் தரை சொரசொரப்பாகி, பிறகு எத்தனை கழுவினாலும் அழுக்கு பிடித்துக்கொண்டே இருப்பதற்குக் காரணம் வருடக்கணக்காக ஊற்றிய ஆசிட்தான். டைல்ஸ் தாங்கும், டைல்ஸுக்கு இடையிலுள்ள சிமெண்ட் தாங்காது.

இப்போது சொல்லப்போவதைக் குளியலறைக் கதவின் உட்புறம் எழுதி ஒட்டுங்கள். கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட் கலந்த திரவத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். என் சித்தி ஒருமுறை, ஆசிட் விட்ட இடத்தில் கறை போகவில்லையே என்று மேலேயே பிளீச்சிங் பவுடரைத் தூவிவிட்டார். ஜன்னல் சாத்தியிருந்த சின்ன அறை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தவருக்கு இரண்டு நாள் இருமல் நிற்கவில்லை. அப்படி நேர்ந்துவிட்டால் அலச நினைக்காமல் உடனே வெளியேறுங்கள், கதவைத் திறந்துவிடுங்கள், மூச்சுத் திணறினால் மருத்துவமனைக்குப் போங்கள். இரண்டு டப்பாக்களும் ஒரே அலமாரியில் இருக்க வேண்டாம். உதிரியாக வாங்கும் ஆசிட்டையோ ஃபினாயிலையோ பழைய குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். குழந்தைக்கு அது குளிர்பானம்தான்.

சமையல் சோடாவையும் வினிகரையும் கலந்து பொங்கவிட்டுச் சுத்தம் செய்வது இப்போது வீடியோக்களில் பரவலாகிவிட்டது. பொங்குவது பார்க்க நன்றாக இருக்கும். ஒன்றை ஒன்று முறித்துவிடுவதால் மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீர். உப்புக்கறைக்கு வினிகர், எண்ணெய்ப் பிசுக்குக்குச் சோடா என்று தனித்தனியாகப் பயன்படுத்துங்கள்.

நாற்காலி

எல்லா வீட்டிலும் ஒரு நாற்காலி இருக்கிறது. சில வீடுகளில் கட்டிலின் கால்மாடு. அதில் கிடக்கும் துணிகளை ஒரு நாள் பிரித்துப் பாருங்கள். மூன்று வகை இருக்கும்: துவைத்து எடுத்து மடிக்காதவை, துவைக்க வேண்டியவை, ஒரு முறை போட்டு இன்னொரு முறையும் போடலாம் என்று வைத்தவை. முதல் வகைக்குப் பீரோ இருக்கிறது, இரண்டாவதற்கு அழுக்குக் கூடை இருக்கிறது. மூன்றாவதற்கு வீட்டில் இடமே கிடையாது. இரண்டு மணி நேரம் கட்டிய புடவை, சாயங்காலம் கடைக்குப் போட்டுவந்த சட்டை, நாளைக்கும் போடப்போகும் ஜீன்ஸ். பீரோவில் வைக்க மனம் வராது, கூடையில் போடவும் மனம் வராது. அதனால் நாற்காலிக்கு வருகிறது. மற்ற இரண்டு வகையும் அதன் மேல் ஏறிக்கொள்கின்றன.

ஆகவே மூன்றாவது வகைக்கு ஓர் இடம் கொடுங்கள். கதவுக்குப் பின்னால் ஆளுக்கு மூன்று கொக்கி, அவ்வளவுதான். நான்காவது துணி வந்தால் ஒன்று கூடைக்குப் போக வேண்டும். வெள்ளிக்கிழமை இரவு கொக்கிகள் எல்லாம் காலி.

துவைத்த துணி விஷயத்தில் தாமதம் எங்கே நடக்கிறதென்றால், கொடிக்கும் பீரோவுக்கும் நடுவில். கொடியிலிருந்து வாரி எடுத்துக் கட்டிலில் கொட்டுகிறோம். இரவு தூங்க வேண்டும், எனவே குவியல் நாற்காலிக்கு மாறுகிறது. இதற்கு நான் கண்ட வழி, கொடியடியிலேயே ஆளுக்கொரு சின்னக் கூடை. எடுக்கும்போதே யாருடையதோ அவர் கூடையில் போட்டுவிடுவது. மடிப்பது அவரவர் வேலை. எட்டு வயதுக்குமேல் எந்தப் பிள்ளையும் தன் துணியை மடிக்கும். பிள்ளை மடித்ததைப் பிரித்து நீங்கள் மறுபடி மடிக்காதீர்கள். அதைப் பார்த்த குழந்தை அடுத்த தடவை மடிக்காது.

சாப்பாட்டு மேஜை மூலையில் சேர்வது காகிதம்: பள்ளிச் சுற்றறிக்கை, மின்கட்டண ரசீது, மருந்துச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை. சுவரில் ஒரு கிளிப், அலமாரியில் ஒரு ஃபைல். இந்த வாரம் ஏதாவது செய்ய வேண்டியது கிளிப்பில், வைத்திருக்க வேண்டியது ஃபைலில், மீதி காய்ந்த குப்பையில். ஈரக் குப்பை, காய்ந்த குப்பை, வீட்டிலிருந்து வரும் ஆபத்தான கழிவு என்று தனித்தனியாகப் பிரித்துத் தர வேண்டியது நம் பொறுப்பு. பழைய பேட்டரி, உடைந்த டியூப்லைட், காலாவதி மருந்து எல்லாம் மூன்றாவதில் சேரும்.

வாரத்துக்கு ஒருமுறை

மேலிருந்து கீழே வாருங்கள். ஒட்டடை, ஃபேன், அலமாரி, கடைசியில் தரை. ஃபேன் இறக்கையைத் துடைக்கப் பழைய தலையணை உறை ஒன்றை இறக்கையின் மேல் முழுவதும் மாட்டி, அழுத்திப் பிடித்து இழுங்கள். தூசி அத்தனையும் உறைக்குள் விழும், மெத்தையில் கொட்டாது.

வார வேலையில் தவறவே கூடாத ஒன்று தண்ணீர் தேங்கும் இடங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை, நல்ல தண்ணீரைத் தேடி நம் வீட்டுக்குள் வருகிறது. முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஏறக்குறைய 7 முதல் 10 நாள். அதனால்தான் வாரம் ஒருமுறை என்கிறேன். ஃபிரிட்ஜுக்குப் பின்னாலுள்ள தட்டு, பூந்தொட்டிக்கு அடியிலுள்ள தட்டு, மொட்டை மாடியில் கிடக்கும் பெயிண்ட் டப்பா, மணிபிளாண்ட் வைத்த பாட்டில், புழங்காத கழிப்பறை. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. அந்தக் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் முட்டையை ஒட்டிவைக்கும். காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் அது உயிரோடிருந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். ஆகவே உட்புறத்தை நார் போட்டுத் தேய்க்க வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்பே இந்தப் பழக்கம் வந்துவிட வேண்டும்.

யார் செய்வது

இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் மேலே சொன்ன எதுவும் நடக்காது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நாடு முழுவதும் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் அதற்குச் செலவிட்டார்கள், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். அதிலும் நூறு ஆண்களில் 26 பேர்தான் ஈடுபட்டார்கள். இந்த நிமிடக் கணக்கில் வராத ஒன்றும் இருக்கிறது. ஸ்க்ரப்பர் தீர்ந்துபோயிற்று, நாளை சீருடை துவைக்க வேண்டும், ஃபினாயில் வாங்க வேண்டும் என்று எந்நேரமும் ஒருவர் தலையில் ஓடிக்கொண்டிருக்கும் நினைப்பு.

"என்ன செய்யணும், சொல்லு, செய்றேன்" என்று கேட்கும் கணவர் நல்ல மனத்தோடுதான் கேட்கிறார். ஆனால் சொல்வதும் ஒரு வேலை. அதனால் வேலையைப் பிரிக்காமல் இடத்தைப் பிரியுங்கள். ஐந்து இடத்துக்கும் ஆளுக்கொன்றாகப் பொறுப்பு. எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு முடிந்ததிலிருந்து சிங்க் என் வீட்டுக்காரருடையது. பாத்திரம் மட்டுமல்ல, ஜாலி, ஸ்க்ரப்பர், சோப்பு தீர்ந்தால் வாங்கிவருவது, எல்லாமே அவர் கணக்கு. வாசல் சின்னவனுக்கு. மேஜையும் காகிதமும் பெரியவளுக்கு. துணி எனக்கு. குளியலறையைக் கடைசியாகக் குளிப்பவர் பார்த்துக்கொள்கிறார். மாமியாரிடம் "உங்களுக்கு எதும்மா சௌகரியம்?" என்று கேட்டோம். உட்கார்ந்தபடி கீரை ஆய்வதையும், சாமி அலமாரியையும் அவரே எடுத்துக்கொண்டார். அதில் நாங்கள் யாரும் கைவைப்பதில்லை.

முதல் மாதம் கடினமாக இருக்கும். சிங்க் நீங்கள் தேய்ப்பது போலப் பளபளக்காது. பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு முறை நீங்கள் இறங்கி மீண்டும் தேய்த்தால் அந்த இடம் உங்களிடமே திரும்பி வந்துவிடும்.

இரவு ஒன்பதரைக்கு எல்லோரும் எழுந்து பத்து நிமிடம் அவரவர் இடத்தைப் பார்ப்பதை வழக்கமாக்குங்கள். ஒருவர் மட்டும் ஓடி ஓடிச் செய்ய, மற்றவர்கள் கால் தூக்கி உட்கார்ந்திருக்கும் வீட்டில் எந்த ஒழுங்கும் நிலைக்காது. எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்தால் பத்து நிமிடம் உண்மையிலேயே பத்து நிமிடமாக இருக்கும்.

வீட்டு வேலைக்கு அக்கா ஒருவர் வருகிறார் என்றால், அவர் செய்வது என்ன, செய்யாதது என்ன என்று முதலிலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். ஆசிட்டை அவர் வெறுங்கையில் தொடும்படி விடாதீர்கள், கையுறை வாங்கிக் கொடுங்கள். வாரம் ஒரு நாள் விடுப்பு அவருக்கும் உண்டு. தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கென நல வாரியம் 2007இல் அமைக்கப்பட்டது. அவர் அதில் பதிவு செய்திருக்கிறாரா என்று கேட்டு, இல்லையென்றால் உதவுங்கள்.

போகி

வருடத்துக்கு ஒருமுறை பரண். அதற்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு நாள் இருக்கிறது. மார்கழிக் கடைசியில் பழையதைக் கழிக்கும் வழக்கத்தை அப்படியே வைத்துக்கொள்வோம், எரிப்பதை மட்டும் விட்டுவிடுவோம். முன்பு எரித்தது ஓலைப் பாயும் கிழிந்த துணியும். இப்போது எரிவதில் பிளாஸ்டிக்கும் ரப்பரும் சேர்ந்துவிட்டன. 2018 போகியன்று புகையும் பனிமூட்டமும் சேர்ந்து சென்னையில் விமானங்களே இறங்க முடியாமல் திருப்பி விடப்பட்டன.

பரணை ஒரே நாளில் காலி செய்யாதீர்கள். போகிக்கு முந்தைய நான்கு வாரங்களில் வாரம் ஒரு பெட்டியாக இறக்குங்கள். தீர்மானிக்க முடியாத பொருள்களை ஒரு பெட்டியில் போட்டு, மூடியின் மேல் அன்றைய தேதியை ஸ்கெட்ச் பேனாவால் எழுதி மேலே ஏற்றிவிடுங்கள். அடுத்த மார்கழிவரை அதை யாரும் தேடவில்லை என்றால் பொருள்களைப் பிரித்துக் கொடுத்துவிடலாம். கொடுக்கும் முன் திறந்து ஒரு முறை பார்ப்பது நல்லது. குழந்தையின் முதல் சட்டை, தாத்தாவின் மூக்குக் கண்ணாடி போன்றவை எப்படியோ இந்தப் பெட்டிகளுக்குள் வந்துவிடுகின்றன. அவற்றுக்கு ஒரு சின்னத் தகரப் பெட்டி தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் தேதி எழுத வேண்டாம். வருடம் ஒருமுறை திறந்து, துணிகளை நிழலில் உலர்த்தி, புதிதாக இரண்டு துண்டு வசம்பு போட்டு மூடிவையுங்கள்.